மலைக்கு எதைச் சுமப்பது?

தொலைநோக்கி வாங்க வருகிறவர் கடையில் முதலில் கேட்பது, ‘இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?’ என்பதுதான். கொஞ்சம் படித்துவிட்டு வருகிறவர், ‘விட்டம் எத்தனை மில்லிமீட்டர்?’ என்று கேட்பார். முதல் கேள்வியைவிட இரண்டாவது எவ்வளவோ மேல். ஆனால் ஊர் வெளிச்சத்திலிருந்து விலகி ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ வால்பாறைப் பக்கமோ எடுத்துப்போய்ப் பார்ப்பதற்குக் கருவி தேடுகிறவர் இந்த இரண்டையும் பிற்பாடு கேட்டுக்கொள்ளலாம். அவர் முதலில் யோசிக்க வேண்டியது, வீட்டு மொட்டை மாடியிலிருந்து எதையெல்லாம் பார்க்க முடியவில்லை என்பதை. அந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் பையில் இருக்க வேண்டியவையும் இருக்கக் கூடாதவையும் தாமாகப் பிரிந்துவிடும். மாடியிலேயே நன்றாகத் தெரிகிற ஒன்றுக்காகச் சாமான் கட்டி மலை ஏற்றுவது வீண் சுமை. இந்த அத்தியாயம் சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் இதை ஒப்புக்கொண்டால் கருவிகளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் பல அறிவுரைகளைக் கவிழ்த்துப் போட வேண்டியிருக்கும்.

நிலா, வியாழன், சனி, செவ்வாய், பிரகாசமான இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்கு இருட்டே தேவையில்லை. சென்னையில் சோடியம் விளக்குப் போய் வெள்ளை எல்.இ.டி. வந்த தெருவிலிருந்தும் சனியின் வளையம் தெரியும், வியாழனின் பட்டைகள் தெரியும். இவற்றுக்கு வேண்டியது 100 மடங்குக்கு மேற்பட்ட உருப்பெருக்கமும் அசையாத காற்றும் கோளைத் தொடர்ந்து பின்பற்றும் ஏற்பாடும். நகர வெளிச்சம் விழுங்கிவிடுவது வேறு வகைப் பொருள்களை. பால்வீதியின் கரிய பிளவுகள், ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தின் வெளிப்புறப் பரப்பு, முக்கோண விண்மீன் குழுவில் உள்ள எம்33, கரினா நெபுலா, தென்திசையில் பெரிய மெகல்லன் மேகம் ஆகியவை நகரத்தில் காணாமல் போகின்றன. இவற்றுக்குள் ஒரு பொதுத்தன்மை உண்டு: எல்லாமே வானத்தில் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டு மங்கலாகப் பரவியிருப்பவை. ஆண்ட்ரோமீடா சுமார் 3 டிகிரி நீளம், அதாவது முழு நிலாவைப் போல் ஆறு மடங்கு. கார்த்திகைக் கூட்டமே ஏறத்தாழ 2 டிகிரி. மெகல்லன் மேகமோ ஒரு கை முஷ்டியை நீட்டிப் பிடித்தால் மறைகிற அளவு. ஆக, இருட்டைத் தேடிப் போகிறவருக்குத் தேவை குறைந்த உருப்பெருக்கமும் அகன்ற பார்வைப் பரப்பும். அதிர்ஷ்டவசமாக, கருவிகளில் இலேசானவைதான் இந்த வேலையைச் செய்யப் பிறந்தவை.

எண்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வானத்தின் இருட்டை ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு எத்தனை மேக்னிட்யூட் என்று அளக்கிறார்கள். எண் கூடக் கூட இருட்டு அதிகம். பெருநகரத்தின் நடுவில் அது 18 அளவில் நிற்கும். நல்ல மலைப்பகுதியில் 21.5-ஐத் தொடும். வித்தியாசம் 3.5 மேக்னிட்யூட், அதாவது நகர வானம் மலை வானத்தைவிட சுமார் 25 மடங்கு வெளிச்சம். இப்போது நகரத்தில் ஒரு பெரிய தொலைநோக்கியை நிறுத்திப் பாருங்கள். அது விண்மீன் மண்டலத்தின் ஒளியைச் சேர்க்கும்போதே அதன் பின்னால் இருக்கும் வானத்தின் வெளிச்சத்தையும் அதே விகிதத்தில் சேர்க்கிறது. பொருளுக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு அப்படியே இருக்கிறது. எந்த விட்டத்தாலும் அந்த 25 மடங்கைக் கழிக்க முடியாது. பஸ் டிக்கெட்டால் முடியும். எம்33 நகரத்தில் பெரிய தொலைநோக்கிக்கும் அகப்படாமல் போவதும், இருண்ட மலையில் சாதாரண பைனாகுலரில் மங்கிய திட்டாகத் தெரிவதும் இதனால்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ‘நகரத்தில் விட்டம் உதவாது, சரி. ஆனால் இருண்ட இடத்தில் பெரிய விட்டம் சிறியதைவிட அதிகம் காட்டுமே? அவ்வளவு தூரம் போகும்போது பெரியதையே கொண்டுபோகக் கூடாதா?’ காட்டும், மறுக்க முடியாது. விட்டம் இரட்டித்தால் சேரும் ஒளி நான்கு மடங்காகும். மங்கலான பொருளைப் பெரிதாக்கிக் காட்டும்போது கண் அதைச் சுலபமாகப் பிரித்துணர்வதும் உண்மை. சென்டாரஸ் குழுவில் உள்ள ஒமேகா சென்டாரி என்னும் கோள வடிவக் கொத்தை 50 மி.மீ. பைனாகுலர் பஞ்சு உருண்டையாகக் காட்டும், 200 மி.மீ. தொலைநோக்கி அதையே எண்ண முடியாத புள்ளிகளாக உதிர்த்துக் காட்டும். ஆனால் 200 மி.மீ. டாப்சோனியன் ஒன்று, அதாவது எளிய பலகைப் பெட்டித் தாங்கியில் உட்காரும் தொலைநோக்கி, குழாயும் அடிப்பெட்டியுமாகச் சுமார் 25 கிலோ வரும். எடையைவிட அதன் பருமன்தான் பிரச்சினை: டூவீலரில் ஏறாது, பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றமாட்டார், ஆட்டோவில் வைத்தால் ஆளுக்கு இடமிருக்காது. சொந்தக் கார் உள்ள நான்கு பேர் சேர்ந்து போவதானால் 200 மி.மீ. டாப்சோனியனைவிட நல்ல தேர்வு கிடையாது, தயங்காமல் கொண்டுபோகலாம். மற்றவர்கள் எடையை ஒரு பட்ஜெட்டாக நினைக்க வேண்டும். தோளில் சுமக்க முடிவது ஏழெட்டுக் கிலோ என்றால் அதில் முதல் பங்கு கருவி ஆடாமல் நிற்பதற்கும், இரண்டாவது பங்கு பார்ப்பவர் உடம்பு நோகாமல் இருப்பதற்கும் போக வேண்டும். மிச்சத்தில்தான் விட்டம்.

இந்தக் கணக்குப்படி முதல் கருவி பைனாகுலர். இதைக் கத்துக்குட்டிகளின் கருவி என்று ஒதுக்குகிறவர்கள் கண்ணின் பாப்பாவைக் கணக்கில் எடுப்பதில்லை. இருட்டுக்குப் பழகிய இளைஞரின் கண்மணி சுமார் 7 மி.மீ. வரை விரியும், 50 மி.மீ. வில்லை அதைப்போல 50 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. பைனாகுலரின் மேல் 10x50 என்று எழுதியிருந்தால் 10 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. விட்டம் என்று பொருள். 50-ஐ 10-ஆல் வகுத்தால் வரும் 5 மி.மீ. என்பது கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையின் அகலம். வயது ஏற ஏறக் கண்மணி விரியும் அளவு குறையும். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். அப்படிப்பட்டவர் 7x50 வாங்கினால் 7 மி.மீ. கற்றையில் பாதி அளவு கண்ணுக்குள் நுழையாமலே வீணாகும். ஆகவே பெரும்பாலோருக்கு 10x50-தான் பொருந்தும். எடை ஒரு கிலோவுக்குள், பார்வைப் பரப்பு ஏறத்தாழ ஆறரை டிகிரி. 15x70 கூடுதலாகக் காட்டும், ஆனால் அதைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது, முக்காலி வேண்டும். கடையில் சோதிக்கும்போது கருவியைக் கை நீட்டிப் பிடித்துக் கண்ணருகு வில்லையைப் பாருங்கள். அதில் தெரியும் வெளிச்ச வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் உள்ளே இருப்பது மட்டமான பட்டகம். தூரத்து மின்கம்பம் இரண்டாகத் தெரிந்தால் குழாய்கள் ஒரே திசையில் நிற்கவில்லை, வாங்காதீர்கள். சிவப்பாக மின்னும் பூச்சுள்ள வில்லையையும், உருப்பெருக்கத்தை மாற்றும் ஜூம் வகையையும் எவ்வளவு சலுகை கொடுத்தாலும் தொட வேண்டாம்.

பைனாகுலருக்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது கழுத்து வலி. நம் ஊரில் இது கூடுதலாகவே பொருந்தும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஓரியனும் கார்த்திகையும் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே போகின்றன. நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும், கை நடுங்கினால் மங்கலான பொருள் மறைந்துவிடும். இதற்கான தீர்வு வில்லையில் கிடைக்காது, சாய்வு நாற்காலியில் கிடைக்கும். மடக்கக்கூடிய ஈஸி சேரோ, அதுவும் முடியாவிட்டால் ஒரு பாயும் தலையணையுமோ போதும். முழங்கைகள் உடம்பில் ஊன்றிக்கொள்ளும்போது படம் நிலைக்கிறது, மங்கல் விளிம்புகள் வெளியே வருகின்றன. கருவியை மாற்றாமலே பார்வையைக் கூட்டும் ஏற்பாடு இது. அடுத்த பெரிய விட்டத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

இரண்டாவது கருவி, தேவைப்படுகிறவருக்கு, மேஜைமேல் வைக்கும் சிறிய டாப்சோனியன். ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் 23 ஆண்டுகள் துறவியாக இருந்தவர். 1967-இல் மடத்தைவிட்டு வெளியேறி, அடுத்த ஆண்டே நண்பர்களோடு நடைபாதை வானியலாளர் அமைப்பைத் தொடங்கினார். பலகைப் பெட்டியும் வழுக்கும் டெஃப்லான் துண்டுகளுமாக அவர் பரப்பிய எளிய தாங்கியின் குட்டி வடிவம்தான் இது. ஸ்கைவாட்சர் ஹெரிடேஜ் 130பி இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: 130 மி.மீ. கண்ணாடி, 650 மி.மீ. குவியத் தூரம், பாதியாகச் சுருங்கும் குழாய், மொத்தம் சுமார் 6 கிலோ. 25 மி.மீ. ஐபீஸ் (கண்ணருகு வில்லை) போட்டால் 26 மடங்கும் 5 மி.மீ. ஒளிக்கற்றையும் 2 டிகிரிப் பரப்பும் கிடைக்கும். கார்த்திகைக் கூட்டம் அதற்குள் அடங்கிவிடும். 10 மி.மீ. ஐபீஸ் ஒன்றும் சேர்த்தால் ஒமேகா சென்டாரிக்குப் போதும், மூன்றாவது ஐபீஸ் தேவையில்லை. சுருங்கும் குழாயின் நடுப்பகுதி திறந்திருப்பதால் பக்கவாட்டு வெளிச்சம் உள்ளே நுழையும். கருப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டிச் சுற்றிவிட்டால் தீர்ந்தது. அடியில் வைக்க உறுதியான மேடை வேண்டும் என்பதை மட்டும் விளம்பரங்கள் சொல்வதில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஆடும். கனமான மர ஸ்டூல், விடுதியின் தண்ணீர்த் தொட்டி, அகலமான கைப்பிடிச் சுவர் எல்லாம் சரி. இதே அளவுகோலால்தான் மலிவான முக்காலிமேல் வரும் 70 மி.மீ. தொலைநோக்கிகளையும் அளக்க வேண்டும். குழாயை விரலால் தட்டினால் அதிர்வு இரண்டு விநாடிக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால், அட்டைப் பெட்டியில் 525 மடங்கு என்று அச்சடித்திருப்பதை அதை விற்பவரே வைத்துக்கொள்ளட்டும்.

‘பின்தொடரும் மோட்டார் இல்லாத கருவியில் பொருள் நழுவிக்கொண்டே இருக்குமே’ என்பது அடுத்த மறுப்பு. வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 2 டிகிரிப் பரப்பின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு ஒரு பொருள் போய்ச் சேர 8 நிமிடம் ஆகும். அதற்குள் ஒருமுறை கையால் தள்ளிக்கொள்வது சிரமமே இல்லை. 200 மடங்கில் கால் டிகிரிப் பரப்பில் பார்க்கும்போது விளிம்பிலிருந்து விளிம்புக்கான அந்தப் பயணம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அப்போது மோட்டார் வேண்டியதுதான். ஆனால் 200 மடங்கு கோள்களுக்கானது. கோள்கள் மாடியிலேயே தெரிகின்றன. மோட்டாரையும் அதற்கான மின்கலத்தையும் எதிர்ச்சுமைக் கட்டையையும் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

அச்சைத் துருவ விண்மீனை நோக்கிச் சாய்த்து வானத்தைப் பின்தொடரும் ஈக்வடோரியல் தாங்கியை விட்டுவிடச் சொல்வதற்கு நம் அட்சரேகை தரும் காரணம் ஒன்றும் உண்டு. நாம் படிக்கும் கையேடுகள் பெரும்பாலும் 40 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி வாழ்கிறவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்குத் துருவ விண்மீன் வடக்கே பாதி உயரத்தில் வசதியாக நிற்கும். கொடைக்கானலில் அது அடிவானத்திலிருந்து சுமார் 10 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரி. ஒரு மரமோ மேடோ மூடுபனியோ போதும், அது தெரியாது. அச்சை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கப் பல தாங்கிகளின் திருகு இடம் தராது. இடம் தந்தால் எதிர்ச்சுமைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். கேமராவை வானத்தோடு சுழற்றப் படம் எடுப்பவர்கள் வாங்கும் ஸ்டார் டிராக்கருக்கும் இதே சிக்கல். வாங்குமுன் அதன் அடித்தட்டு 8 டிகிரி வரை தாழுமா என்று கேளுங்கள். பால்வீதியை மட்டும் படம் எடுக்க டிராக்கரே வேண்டாம்: 500-ஐ முழுச்சட்டகக் கேமரா லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று தோராயமாகக் கிடைக்கும், 20 மி.மீ. லென்ஸுக்கு 25 விநாடி.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதன் லாபமும் பெரிது. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்ததற்கு நகர வெளிச்சம் இல்லாதது மட்டும் காரணமல்ல, வட தென் வானங்கள் இரண்டையும் அங்கிருந்து பார்க்க முடிவதும் ஒரு காரணம். அந்த அட்சரேகையில் ஒமேகா சென்டாரி 30 டிகிரி உயரம் ஏறும். திரிசங்கும் கரினா நெபுலாவும் 17 டிகிரிக்கு வரும். மெகல்லன் மேகம் ஜனவரி முன்னிரவில் 8 டிகிரியில் எட்டிப் பார்க்கும். தென்திசையின் அடிவானம் திறந்திருந்தால்தான் இவை தெரியும், அடிவானம் எங்கே திறந்திருக்கிறது என்பது இடத்துக்குப் போன பிறகுதான் தெரியும். விடுதியின் முன்புறம் தென்னை மறைத்தால் பின்புற மாடிக்குப் போக வேண்டும். 6 கிலோக் கருவி உங்களோடு வரும். அரை மணி நேரம் பூட்டி நேர்ப்படுத்திய கருவி வராது; அது நின்ற இடத்தில் தெரிவதை நீங்கள் பார்க்க வேண்டியதுதான். காட்டுச் சாலையோரம் நிறுத்திப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம்: யானை நடமாட்டமுள்ள வழிகளில் வனத்துறை விடாது, விடாமலிருப்பதும் சரி.

2023 வாக்கில் வந்த ஸ்மார்ட் தொலைநோக்கிகள் இந்த வாதத்தையே கேள்விக்கு உட்படுத்துகின்றன. சீஸ்டார் எஸ்50 வெறும் இரண்டரைக் கிலோ, 50 மி.மீ. விட்டம். துருவ விண்மீனைத் தேடாமல் தானே வானத்தை அடையாளம் கண்டு, பத்துப் பத்து விநாடிப் படங்களை அடுக்கி, நகர மாடியிலிருந்தே நெபுலாவை வண்ணத்தில் போன் திரைக்குக் கொண்டுவருகிறது. இனி எதற்கு மலை? படம்தான் வேண்டுமென்றால் கேள்வி நியாயமானது, இருண்ட இடத்தில் அதே படம் குறைந்த நேரத்தில் வரும் என்பது மட்டுமே பதில். ஆனால் அந்தக் கருவியில் கண் வைத்துப் பார்க்க இடமே இல்லை. ஆறரை டிகிரிப் பரப்பில் பால்வீதியை விளிம்பிலிருந்து விளிம்புக்குக் கண்ணால் துழாவுவதை அது தராது. போதாக்குறைக்குத் திரை வெளிச்சம் பக்கத்தில் நிற்பவரின் கண்ணையும் கெடுக்கும். பார்க்கிற கருவியாக அல்லாமல் கேமராவாக எண்ணி வாங்குகிறவருக்கு அது நல்ல கேமரா.

கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு வெள்ளை டார்ச் அதை ஒரு நொடியில் அழித்துவிடும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டுங்கள். போனில் வான வரைபடம் பார்ப்பதைவிட அச்சடித்த வரைபடம் நல்லது. ஜனவரி, பிப்ரவரியில் மலையில் பனி கொட்டும். வில்லைக்கு முன்னால் சார்ட் பேப்பரால் ஒரு குழல் நீட்டினால் பனி படிவது தாமதமாகும். ஈரமான வில்லையை உடனே மூடி போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். அறைக்கு வந்ததும் திறந்து உலரவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். 2022 டிசம்பரில் இருள் வான் காப்பகமாக அறிவிக்கப்பட்ட லடாக்கின் ஹான்லேவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும், 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணி, பிரச்சினையில்லை. சுமார் 4,500 மீட்டர் உயரக் குளிரில் அது பாதி நேரம்கூட உழைக்காமல் போகலாம். மின்சாரமே கேட்காத பைனாகுலர் அங்கே இன்னும் பொருத்தம்.

எதுவும் இல்லாமல் தொடங்குகிறவர் இந்த வரிசையில் வாங்கட்டும்: 10x50 பைனாகுலர், சாய்வு நாற்காலி, சிவப்பு டார்ச், அச்சு வரைபடம். ஒரு பருவம், அதாவது ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான அமாவாசை வாரங்கள், இவற்றோடு கழியட்டும். அதற்குப் பிறகும் ஒமேகா சென்டாரியைப் புள்ளிகளாக உடைத்துப் பார்க்க ஆசை இருந்தால் 130 மி.மீ. டாப்சோனியன் வாங்கலாம். எதை வாங்கினாலும், முதல் பயணத்துக்கு முன் ஓர் இரவு மாடி விளக்கை அணைத்துவிட்டு, மொத்தப் பையையும் ஒரே நடையில் மேலே தூக்கிப்போய், சிவப்பு வெளிச்சத்தில் மட்டும் பூட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் முடியவில்லையென்றால் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து வெளியே வையுங்கள்.